கல்லறை வாயிலும் கன்னிமாடக் குடமும்

(இண்டூர்ச் சிவாலயத் திருவிழாவில் நான்காம் நாள் இரவு நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைக்குத் திருமூல தேவ நாயனார் வரலாறு என்று விழாக்குழுவினர் அறிவித்துள்ளனர். அதனையே பேசப் போகிறோம். ஆயினும் நேரே சாத்தனூருக்குச் செல்லாமல், கடல் கடந்து எகிப்து நாட்டுக்குச் சென்று, அங்கிருந்து திரும்பிச் சாத்தனூர் சேரப் போகிறோம். இச்சுற்றுவழிக்கு ஒரு காரணம் உண்டு.

நேற்றிரவு திருக்கடவூரில் மார்க்கண்டேயர்பொருட்டு இறைவன் காலனை உதைத்தருளிய வரலாற்றைக் கூறி முடித்தோம். கூட்டம் கலைந்தது. ஓர் அம்மையார் மட்டும் பந்தற்காலைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவருடைய மகன் கட்டட வேலைக்காக வெளியூர் சென்றவன். சென்ற இடத்திலேயே இறந்து போனான். உடன் வேலை செய்தவர்கள் அவ்வூர் மின்சாரச் சுடுகாட்டிலேயே தகனம் செய்துவிட்டு, ஒரு சிறு கலயத்தில் சாம்பலைக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். ஒகேனக்கல்லில் காவிரியில் கரைத்தாயிற்று. அம்மையார் கேட்டது ஒன்றே: "சாமி, அவன் ஒடம்ப நான் பாக்கலே. ஊருக்கு வர அவனுக்கு வழி தெரியுமா?"

ஆன்மா அழிவற்றது, உடம்பு சட்டை போன்றது என்று நாம் விடை சொன்னோம். நாற்பது ஆண்டுகளாக மேடைதோறும் சொல்லிவரும் விடை. அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு போய்விட்டார். விடையில் பிழையில்லை. ஆனால் அது அவரிடம் போய்ச் சேரவில்லை என்பது அவர் நடந்து போன நடையிலேயே தெரிந்தது. இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. இதே கேள்வியை ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த மக்கள் ஒருவர் உண்டே என்ற நினைவு வந்தது. அவர்களே பண்டை எகிப்தியர்.

ஐதராபாத்துக்கு ஒருமுறை சென்றிருந்தபோது, பொதுத் தோட்டத்திலுள்ள தொல்பொருட் காட்சிச்சாலையில் பதனிட்ட எகிப்திய உடல் ஒன்றைக் கண்டோம். கண்ணாடிப் பெட்டிக்குள் துணிச் சுற்று. உள்ளே இருப்பது ஓர் இளம்பெண் என்று எழுதி வைத்திருந்தார்கள். பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள், சிலர் அஞ்சினார்கள். நமக்குத் தோன்றியது வேறு: இத்துணியை இவ்வளவு பொறுமையாகச் சுற்றிய கை யாருடையது? சுற்றச் சொன்ன தாய் எங்கே நின்றாள்?

அந்நாட்டார் உடம்பைப் பதனிட எழுபது நாள் கொண்டனர். மூளையை மூக்கின் வழியே கொக்கியிட்டு எடுத்துவிடுவர். அதனை அவர்கள் பொருட்படுத்தியதில்லை. ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகிய நான்கையும் நான்கு சாடிகளில் தனித்தனியே வைப்பர். ஒவ்வொரு சாடிக்கும் ஒரு காவல் தெய்வம் உண்டு. நெஞ்சாங்குலையை மட்டும் எடுக்கமாட்டார்கள். அறிவும் நினைவும் இருக்குமிடம் அதுவே என்பது அவர்கள் கொள்கை. பிறகு நாட்ரான் என்னும் உப்பிலே உடலைப் புதைத்து நீரெல்லாம் வற்றச் செய்து, நறுநெய் பூசி, மெல்லிய நூலாடையால் சுற்றிச் சுற்றி, இடையிடையே காப்புத் தாயத்துகளை வைத்துக் கட்டுவர்.

இவ்வளவும் எதற்கு? உயிரைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த எண்ணம் ஒன்றிரண்டு கூறுகளால் ஆனதன்று. 'கா' என்பது பிறக்கும்போதே உடன் பிறந்து, இறந்த பின்னும் உணவு வேண்டி நிற்பது. 'பா' என்பது மனிதத் தலையுடைய பறவையாக எழுதப்படுவது. பகலிலே கல்லறையை விட்டுப் பறந்து திரிந்து, இரவிலே தன் உடம்பைத் தேடி வந்து அடைவது. உடம்பு அழிந்து போனால் அப்பறவைக்குத் தங்கக் கூடில்லை. நேற்று அம்மையார் கேட்டாரே, வழி தெரியுமா என்று. அக்கேள்விக்கு எகிப்தியர் கண்ட விடை இது. உடம்பு இருந்தால் வழி தெரியும், இல்லையேல் தெரியாது. ஆகவே உடம்பைக் காத்தார்கள்.

உடம்பை வைத்த இடத்தின்மேல் கட்டிய மண்டபத்தில் கல்லால் ஒரு வாயில் செதுக்கி வைப்பார்கள். நிலை உண்டு, படி உண்டு, மேலே பெயர் எழுதியிருக்கும். ஆனால் அது திறவாது. பொய்வாயில். அதன் முன்னே அப்பமும் மதுவும் படைப்பர். 'கா' அவ்வாயில் வழியே வந்து அவற்றை ஏற்கும் என்பது நம்பிக்கை. மக்கள் நுழைய முடியாத கதவு, இறந்தவர் மட்டும் புழங்கும் கதவு. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கதவை நம்மூர்ப் பக்கத்திலேயே மீண்டும் காணப் போகிறோம்.

அவர்களுடைய தெய்வக் கதையின் நடுநாயகம் ஒசைரிஸ். அவன் நல்லரசன். உடன்பிறந்தவனாகிய சேத் அவனைக் கொன்றான்; உடலைத் துண்டாடி எங்கும் எறிந்தான். மனைவி ஐசிஸ் நாடெங்கும் அலைந்து துண்டங்களைத் தேடி ஒன்று சேர்த்தாள். மீண்டும் உயிர்பெற்ற ஒசைரிஸ் இந்நிலவுலகுக்குத் திரும்பவில்லை. இறந்தோர் உலகுக்கு அரசனானான். மகன் ஹோரஸ் இவ்வுலகை ஆண்டான். ஆண்டுதோறும் நைல் வெள்ளம் வடிகின்ற பருவத்தில் ஒசைரிஸ் வடிவாகச் செய்த அச்சில் மண் நிரப்பித் தானியம் விதைத்து முளைக்கச் செய்வர். 1922-ஆம் ஆண்டில் ஹோவர்டு கார்ட்டர் என்பார் கண்டுபிடித்த துட்டங்காமன் கல்லறையிலும் அத்தகைய முளைப்படுக்கை ஒன்று இருந்தது. இத்திருவிழாத் தொடக்கத்தில் நம் சிவாசாரியார் பாலிகையிலே நவதானியம் தெளித்து முளையிட்டாரே, அதைக் கண்டவர்க்கும், ஆடிப் பதினெட்டில் முளைப்பாரி சுமந்து காவிரியில் விடும் நம் தாய்மார்களுக்கும் இச்செய்தி புதுமையாக இராது. ஆற்றை நம்பி வாழ்பவன் மண்ணுக்குள் போனது மீண்டும் வரும் என்று கண்ணாலே காண்கிறான்.

கோயில் வழிபாட்டிலும் ஒற்றுமை மிகுதி. விடியற்காலையில் நீராடித் தலை மழித்த குருமார் கருவறையின் முத்திரையை உடைத்துக் கதவம் திறப்பர். தெய்வத்தைத் துயிலெழுப்பி, நெய் பூசி, ஆடை மாற்றி, உணவு படைப்பர். படைத்த உணவு பின்பு கோயிற் பணியாளர்க்குப் பங்கிடப்படும். பொதுமக்கள் உள்ளே புகமுடியாது. விழாக்காலத்தில்தான் தெய்வம் வெளியே எழுந்தருளும். தோணி வடிவான விமானத்தில் வைத்துக் குருமார் தோளிலே சுமந்து கர்நாக் என்னும் கோயிலிலிருந்து லக்சர் வரையில் செல்வர். புதிதாகச் செய்த திருவுருவத்துக்கு 'வாய் திறத்தல்' என்றொரு சடங்கு செய்வர். நாம் குடமுழுக்கின்போது கண் திறக்கிறோம். அவர்கள் வாயைத் திறந்தார்கள். அதே சடங்கைப் பதனிட்ட பிணத்துக்கும் செய்தார்கள்.

இவற்றையெல்லாம் கேட்டவுடனே, எகிப்தியருக்குச் சமயம் கற்பித்தவர் தமிழரே என்று முழங்கும் நண்பர்கள் சிலர் உளர். அச்சிட்ட துண்டு நூல்களையும் கொண்டுவந்து காட்டுவர். ஒற்றுமை கண்டவுடன் உறவு கொண்டாடிவிடலாகாது. பசித்தவன் எந்நாட்டிலும் அடுப்பு மூட்டுவான். அதற்கு ஒருவன் மற்றொருவனிடம் கற்க வேண்டியதில்லை. ஆனால் போக்குவரவு இருந்தது என்பதற்கு ஐயமில்லாச் சான்றுகள் உள. செங்கடற்கரைத் துறைமுகமாகிய குசேர் அல்-காதிமில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழ் எழுத்தில் கீறிய பானையோடுகள் கிடைத்தன. உறியைக் குறிக்கும் சொல்லோடு கூடிய ஓடும் ஒன்று கிடைத்தது. பெரணிகே என்னும் துறையில் ஒரு கோயில் முற்றத்தில் இந்தியாவில் வனைந்த பெருஞ்சாடியொன்று, ஏழரைக் கிலோ மிளகுடன் கிடைத்தது. அதற்கும் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன், கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் இராமசேஸ் மன்னனின் மூக்குத் துளைகளிலும் மிளகு வைத்திருந்தார்கள். நம் மேற்கு மலையில் காய்த்தது, ஓர் அரசனின் பிணத்தைக் காக்கப் போயிருக்கிறது.

இன்னும் ஒன்று. அரசர் பள்ளத்தாக்கு என்று வழங்கும் கல்லறை மலையிலே, சுவர்களில் தமிழ் எழுத்துக்கள் கீறப்பட்டிருப்பதை அறிஞர் படித்தறிந்துள்ளனர். கி.பி. முதற் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சிகை கொற்றன் என்னும் ஒருவன் பல இடங்களில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான், தான் வந்து கண்டதாக. நம் கோயிற் சுவர்களில் கரியால் பெயர் எழுதும் பிள்ளைகளை நாம் கடிந்துகொள்கிறோம். இவன் அவர்களுக்கெல்லாம் பாட்டன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெயர் நிலைத்திருக்குமளவும் ஆள் நிலைப்பான், பெயரைச் செதுக்கி அழித்தால் இரண்டாம் முறை சாவான் என்பது எகிப்தியர் நம்பிக்கை. அந்நம்பிக்கையால் எழுப்பிய கல்லறையில், அதனை அறிந்தோ அறியாமலோ, ஒரு தமிழன் தன் பெயரை எழுதினான். அங்கு கிடந்த அரசர்களின் உடம்புகள் அவன் போவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அவ்விடத்தில் இல்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

இனி அவர்கள் கொண்ட தீர்ப்பைக் காண்போம். அவர்தம் நம்பிக்கையில் நாம் நின்று வணங்கத் தக்க பகுதி இதுவே. இறந்தவன் ஒசைரிஸ் மன்றத்துக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். நடுவே ஒரு தராசு. ஒரு தட்டில் அவன் நெஞ்சு. மறு தட்டில் ஓர் இறகு. அவ்விறகு மாஅத், அதாவது மெய்யும் அறமும் ஒழுங்கும் ஆகிய தேவி. நரித்தலை அனுபிஸ் தராசின் நாவைப் பார்க்கிறான். நாரைபோன்ற தலையுடைய தோத் ஏடும் எழுதுகோலுமாக நிற்கிறான். காஞ்சியில் கோயில் கொண்ட சித்திரகுப்தர் நினைவு உங்களுக்கு வரலாம். பக்கத்தில் முதலைத் தலையும் சிங்க உடலும் நீர்யானைப் பின்புறமும் கொண்ட ஒரு விலங்கு வாய் பிளந்து காத்திருக்கிறது. நெஞ்சு இறகைவிடக் கனத்தால் அது அவ்விலங்குக்கு இரை. அம்மனிதனுக்கு மறுவாழ்வு இல்லை. இலண்டன் காட்சிச்சாலையிலுள்ள அனி என்பவனுடைய ஏட்டில், கி.மு. 1250-ஐ ஒட்டி எழுதிய இக்காட்சியை வண்ணத்தோடு காணலாம்.

அங்கே நாற்பத்திரண்டு நடுவர் முன்னிலையில் இறந்தவன் தான் செய்யாத தீமைகளைச் சொல்ல வேண்டும். கொலை, களவு, பொய் என்பவை எல்லா நாட்டிலும் உள்ளவை. அவற்றோடு, தராசில் வஞ்சித்ததில்லை, குழந்தை வாயிலிருந்து பாலைப் பறித்ததில்லை, யாரையும் அழவைத்ததில்லை, ஓடுகின்ற நீரை அதன் காலத்தில் மறித்ததில்லை என்றும் சொல்ல வேண்டும். வாய்க்கால் மடையில் மண்வெட்டியோடு நின்று பங்காளியோடு சண்டையிட்டவர்கள் இக்கூட்டத்திலும் இருப்பீர்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முன் நைற்கரை உழவன் அக்குற்றத்துக்கு அஞ்சியிருக்கிறான்.

ஆயினும் அஞ்சியவன் ஓர் உபாயமும் தேடினான். வண்டு வடிவமான ஒரு கல்லைப் பிணத்தின் மார்பிலே வைத்தார்கள். அதன் அடியில் நெஞ்சை நோக்கிய ஒரு மந்திரம்: எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று கருத்து. நெஞ்சு உண்மையைச் சொல்லிவிடும் என்று தெரிந்திருக்கிறது. அதனால் அதன் வாயை அடைக்க முயன்றார்கள். நம் சமயாசாரியர்கள் செய்ததோ இதற்கு நேர்மாறு. திருநாவுக்கரசரும் மாணிக்கவாசகரும் தம் நெஞ்சை இறைவன் முன்னே கொட்டி, தம் குற்றத்தைத் தாமே எடுத்துச் சொல்லி அழுதார்கள்.

சைவ சித்தாந்தத்திலும் ஒரு தராசு உண்டு. அதற்கு இருவினையொப்பு என்று பெயர். நல்வினை இத்தனை, தீவினை இத்தனை, இரண்டும் எடையொத்தால் முத்தி என்று சிலர் மயங்கிக் கூறுவர், அது பொருந்தாது. நல்வினைப் பயன் வந்தபோது துள்ளாமலும் தீவினைப் பயன் வந்தபோது துவளாமலும் இரண்டிலும் உள்ளம் ஒப்ப நிற்கும் நிலையே இருவினையொப்பு. அது வாய்த்து மலம் பரிபாகப்படும்போது சத்திநிபாதம் நிகழும். எகிப்தியனின் தராசு இறந்த பின்பு ஒரே ஒரு நாள் தூக்கப்படுவது. தோற்றால் விலங்கின் வாய். நம் தராசு உயிரோடிருக்கும்போதே உள்ளத்துக்குள் தூக்கப்படுவது. இப்பிறவியில் சமனாகவில்லையெனின், இறைவன் மற்றோர் உடம்பைத் தந்து மீண்டும் தூக்கச் செய்கிறான். உயிரைத் தின்றுவிடும் விலங்கு நம் மன்றத்தில் கிடையாது. இவ்வேற்றுமையைச் சிறிதென்று எண்ணாதீர்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இந்தத் தகடூர் நாட்டுக் குன்றுகளிலும் மேட்டு நிலங்களிலும் கற்களை வட்டமாக அடுக்கிய இடங்களைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு பெருங்கல்லைக் கூரையாக ஏற்றிய சிறு அறைகளும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் ஒரு குன்று முழுவதும் அவையே. மக்கள் பாண்டவர் வீடு என்பர். பஞ்சபாண்டவர்க்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அவை இறந்தோர்க்கு எடுத்தவை. உள்ளே கறுப்பும் சிவப்புமான மட்கலங்கள், இரும்பு வாள், மணிகள். இரும்பை நம் முன்னோர் ஆண்ட காலம் மிகப் பழையது; மயிலாடும்பாறையில் இரும்பு வழங்கிய மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். எகிப்தின் பெரும் பிரமிடு எழுந்து நானூறு ஆண்டு ஆன காலம் அது.

அக்கல்லறைகள் பலவற்றின் பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை உண்டு. இடுதுளை என்பர். ஆள் இயல்பாக நுழையும் அளவினது அன்று. ஏன் அத்துளை? உயிர் போய்வரவா, உணவு இடவா என்று ஆராய்வோர் பலவாறு கூறுவர். எகிப்தியன் செதுக்கிய பொய்வாயிலை நினைவில் வைக்கச் சொன்னோமே. அதே கதவு இங்கேயும் இருக்கிறது. பெயரறியாத ஒரு குடும்பம், பெரும் பாறையைப் பிளந்து இழுத்து வந்து, தம்மவன் வந்துபோக ஒரு வழி வைத்திருக்கிறது. நேற்று நம்மைக் கேட்டவர் ஒருவரல்லர். இம்மேடுகளெல்லாம் அதைத்தான் கேட்கின்றன.

அதன் பின் நடுகல் வந்தது. கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் ஈறாக அதன் முறைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. படையலிடுதல் அதில் ஒன்று. நம் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது, அவனுக்கு நட்ட கல்லின் முன்னே சிறு கலத்தில் கள்ளை வார்த்துப் படைத்ததை ஔவையார் பார்த்தார். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், இந்தச் சிறிதளவை ஏற்றுக்கொள்வானா என்று அழுத அவரது பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. படையலின்மேல் ஐயம் கொண்டு அழுத குரல் அது. எகிப்தியர் பொய்வாயில் முன் அத்தனை அப்பம் படைத்தார்களே, அவருள் ஒரு தாயாவது இப்படி ஐயுற்றிருக்கமாட்டாளா?

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்னும் அந்நாய் இரு கள்ளரைக் கடித்து நின்றதை எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். நாய்க்கும் பெயர், நாய்க்கும் கல்! இந்நாட்டில் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிட்டுப் பொங்கலிடுகிறோம். புதையல் உண்டென்று பாண்டவர் வீட்டைப் பெயர்ப்பவர்களும், வரப்புக்கும் வாசற்படிக்கும் நடுகல்லை எடுத்துச் செல்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குள் பொன் இல்லை, அப்பா. சில எலும்பும், உடைந்த சட்டியும், யாரோ ஒரு தாய் வைத்த ஒரு பிடிச் சோறு மக்கிய மண்ணுமே இருக்கும்.

எகிப்திலோ பொன் இருந்தது. அதனாலேயே கெட்டது. மலையைக் குடைந்து, வழியை அடைத்து, வாயிலை மறைத்துப் பார்த்தார்கள். கள்வர் விடவில்லை, அணிகலனுக்காகச் சுற்றுத்துணியை அறுத்தார்கள், கையை ஒடித்தார்கள். குருமார் அஞ்சித் தம் அரசர்களின் உடம்புகளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மலைப்பிளவில் மொத்தமாக ஒளித்து வைத்தனர். சிகை கொற்றன் வந்தபோது கல்லறை வெறுமையாக இருந்தது அதனால்தான். பிற்காலத்தில் ஐரோப்பியர் பதனிட்ட உடம்பைப் பொடித்து மருந்தென்று கடையில் விற்றார்கள். ஓவியர் அதைக் குழைத்துப் பழுப்பு வண்ணம் ஆக்கினார்கள். என்றென்றும் காக்க வேண்டுமென்று எழுபது நாள் பாடுபட்ட உடம்பு, ஒரு சித்திரத்தின் மூலையில் தடவிய சாயமாயிற்று!

ஒளித்து வைத்த உடம்புகள் 1881-ஆம் ஆண்டில் வெளிப்பட்டன, ஐம்பதுக்கு மேல். மிளகு வைத்த இராமசேசும் அவற்றுள் ஒருவன். அவற்றைக் கப்பலில் ஏற்றி நைல் வழியே கெய்ரோவுக்குக் கொண்டு போனார்கள். அப்போது கரையோரச் சிற்றூர்களிலிருந்து பெண்கள் தலைவிரி கோலமாக ஓடிவந்து, சாவு வீட்டில் அழுவதுபோல் ஓலமிட்டு அழுதார்கள். அவர்கள் இசுலாமியர்; பழைய தெய்வங்களின் பெயரும் அறியார். மூவாயிரம் ஆண்டுப் பிணத்துக்கு அவர்கள் அழுத அழுகையைப் படித்தபோது நமக்குக் கண் கலங்கியது. எந்த மதத்தாளாயினும் தாய் தாய்தானே.

இனிச் சாத்தனூர்.

கயிலையினின்று தெற்கு நோக்கி வந்த சிவயோகியார் ஒருவர் திருவாவடுதுறையைக் கடந்து காவிரிக் கரையில் வருகிறார். மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்கிறான். அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சுற்றி வந்து, நக்கி, மோந்து, கதறுகின்றன. பசுக்களின் துயரைப் பொறாது யோகியார் தம் உடம்பை ஓரிடத்தில் காவலாக வைத்துவிட்டு மூலன் உடம்பிலே புகுந்து எழுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன. மாலையில் அவற்றை ஊருக்கு ஓட்டிச் சென்றார்.

இந்த இடத்தில் மூலன் மனைவியைப் பற்றி நாம் மேடைகளில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். நாமும் அப்படித்தான் செய்துவந்தோம். இன்று அவள் பக்கத்தில் சற்றே நிற்போம். பொழுது சாய்ந்தும் கணவன் வரவில்லையே என்று அஞ்சியவள் வழியிலே வந்து எதிரே பார்க்கிறாள். அவனேதான். அதே முகம், அதே தோள், அதே கோல். கையைப் பற்றப் போகிறாள். உனக்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று சொல்லி அவர் பொதுமடத்துக்குச் சென்று யோகத்தில் அமர்ந்துவிட்டார். ஊராரிடம் சென்று அழுதாள். ஊரார் வந்து பார்த்து, இது பழைய சுற்றத்தில் சேர்க்கக்கூடிய நிலையன்று, விட்டுவிடு என்றார்கள்.

அம்மா, நேற்றுக் கேட்ட தாயே, நீங்கள் இக்கூட்டத்தில் எங்கேனும் அமர்ந்திருப்பீர்கள். மூலன் மனைவிக்கு உடம்பு வீட்டுக்கு வந்தது. குறையில்லாமல், தன் காலாலேயே நடந்து, வழி தவறாமல் வந்தது. மூலன் வரவில்லை. எகிப்தியன் எழுபது நாள் பதனிட்டாலும் கிட்டாத முழு உடம்பு அவள் கண்முன் நின்றது. அவளுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை. நீங்கள் பாராமற்போன அந்த உடம்பு உங்கள் வாசலுக்கே வந்திருந்தாலும் அதில் உங்கள் மகன் இருந்திருக்கமாட்டான். இதைச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஏதோ ஒன்றைத் தவறவிட்டோமே, அதனால் அவன் வழி தவறினானோ என்று உங்கள் நெஞ்சில் தைத்திருக்கிறதே, அந்த முள்ளை எடுக்க வேறு ஊசி நம்மிடம் இல்லை.

மறுநாள் யோகியார் பசுக்கள் வந்த வழியே திரும்பிச் சென்று தம் உடம்பைத் தேடினார். வைத்த இடத்தில் அது இல்லை. எகிப்தியர் அஞ்சிய அச்சமெல்லாம் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது: பறவை திரும்பி வந்தது, கூட்டைக் காணவில்லை! ஆனால் மறைத்தவன் கள்வனல்லன்; சிவபெருமானே மறைத்தருளினான். ஆகமப் பொருளைத் தமிழால் சொல்வதற்காகவே இது நிகழ்ந்தது என்று ஞானத்தால் உணர்ந்து, இடையனின் உடம்போடே ஆவடுதுறையில் அரசமரத்தடியில் அமர்ந்து, ஆண்டுக்கொரு பாடலாகத் திருமந்திரம் மூவாயிரம் அருளினார் என்பது வரலாறு. உடம்பு தொலைந்து போயிற்று. யோகியார் தொலைந்து போகவில்லை.

இதைக்கொண்டு சைவர் உடம்பை இகழ்ந்தார் என்று கொள்ளற்க. உடம்பைப் பேணச் சொன்னவரும் அதே திருமூலர். ஞானியர் உடலைச் சுடாமல் குகை அமைத்து வைக்கும் முறையையும் ஏழாம் தந்திரத்திலே விரித்திருக்கிறார். நம் மடாலயங்களில் இன்றும் அம்முறை உண்டு. ஆனால் அது ஞானி திரும்பிவந்து புகுவதற்கு அன்று. அங்கே சென்று வணங்கும் நமக்காக.

மயிலாப்பூர்ச் சிவநேசருக்கு ஒரே மகள் பூம்பாவை. நந்தவனத்தில் பூப்பறிக்கும்போது அரவு தீண்டி இறந்தாள். அவளைத் திருஞானசம்பந்தருக்கென்று முன்னரே மனத்தால் கொடுத்துவிட்டவர் அவர். எரித்த பின் எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் வைத்துப் போற்றினார். பட்டும் பூவும் சாந்தும் அணிவித்தார். பார்த்தால் எகிப்தியன் செய்தது போலவே இருக்கிறது. வேற்றுமை ஒன்றுதான்: மகள் திரும்பி வந்து இக்குடத்தில் தங்குவாள் என்று அவர் வைக்கவில்லை. இது சம்பந்தருடைய பொருள், அவரிடம் ஒப்படைக்கும்வரை என் பொறுப்பு என்று வைத்தார். பிள்ளையார் வந்தார். குடத்தைத் திருக்கோயில் மதிற்புறத்தில் கொண்டுவரச் சொன்னார். அங்கே அவர் பாடிய பதிகம் மயிலையின் விழாக்களைச் சொல்கிறது. ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றையெல்லாம் காணாமலா போய்விடுகிறாய் என்று அப்பெண்ணைக் கேட்கிறது. குடம் உடைந்தது; பன்னிரண்டு வயதுப் பெண்ணாகப் பூம்பாவை எழுந்தாள். சிவநேசர் மணம் செய்து தர வந்தபோது, அருளால் எழுப்பியதால் இவள் எனக்கு மகள் என்று பிள்ளையார் மறுத்துச் சென்றார். இரண்டு முறை பெற்ற மகளை அத்தந்தை இரண்டு முறையும் சிவனுக்கே கொடுத்தார்.

உங்கள் கலயத்தையும் நீங்கள் காவிரியில் கொடுத்துவிட்டீர்கள், அம்மா. அவனுக்கு வழி தெரியுமா என்று கேட்டீர்கள். நேற்றிரவு சுவாமி புறப்பாடு முடிந்து திரும்பியபோது, தகப்பன் தோளில் உறங்கிக்கொண்டு போன குழந்தைகள் எத்தனை பேரைப் பார்த்தோம்! பிள்ளைக்கு வீட்டு வழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தூக்கிச் செல்பவனுக்குத் தெரியும். அவன் எந்த வீட்டில் கண் விழிப்பான் என்பதை நாம் அறியோம். தூக்கிச் சென்றவன் யார் என்பதை அறிவோம்.

நாயனக்காரர் வந்துவிட்டார், தீவட்டி ஏற்றுகிறார்கள். இன்றைக்குச் சுவாமி கிழக்கு வீதியைச் சுற்றி அந்த அம்மையார் தெரு வழியாகவே எழுந்தருள வேண்டுமென்று குழுவினரிடம் கேட்டிருக்கிறோம், இசைந்திருக்கிறார்கள். அம்மா, நீங்கள் முன்னே போய் வாசல் தெளித்துக் கோலமிட்டு வையுங்கள். நாங்கள் பின்னே வருகிறோம்.